இல்லாத இயங்குதளத்தின் பெயர்

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பெட்டியைப் பிரித்து முதல்முறை பொத்தானை அழுத்திய பிளஸ் டூ மாணவருக்குத் திரையில் முதலில் வந்தது ஒரு கேள்வி. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, சில வரிகள். ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் பாஸ் லினக்ஸ். அம்புக்குறி விசையால் ஒன்றைத் தேர்ந்து என்டர் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் சில விநாடி பொறுத்துக் கணினி தானே ஒன்றை எடுத்துக்கொள்ளும். அதுவரை வீட்டில் கணினியே பார்த்திராத பிள்ளைகள் பலருக்கு, ஒரே பெட்டிக்குள் இரண்டு இயங்குதளங்கள் இருக்க முடியும் என்பதே அந்தத் திரையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பாஸ் லினக்ஸ், சிடாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. டெபியனை அடித்தளமாகக் கொண்டது. இந்திய மொழிகளில் கணினியைப் புழங்க வேண்டும் என்ற நோக்கத்தோடு செய்யப்பட்டது. தமிழில் தட்டச்சு செய்யவும் மெனுக்களைத் தமிழிலேயே பார்க்கவும் அதில் வழி இருந்தது. ஆனாலும் நான் பார்த்த மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் அந்த வரி யாரும் தொடாமலே கிடந்தது. செய்முறைப் பாடம், படம், பாட்டு, விளையாட்டு எல்லாம் விண்டோஸ் பக்கம் நடந்தன. லினக்ஸ் பக்கம் போனால் என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து காட்டித்தர அருகில் ஆள் இல்லை. கொஞ்ச நாளில் "அது எதுக்கு இடத்த அடைச்சிக்கிட்டு" என்ற பேச்சு வந்துவிடும். விடுதியில் யாராவது ஒரு அண்ணனுக்கு பார்ட்டிஷன் வேலை தெரிந்திருக்கும். ஒரு நாள் இரவு லினக்ஸ் போய்விடும்.

போகும் விதம் மிக எளிது. விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் பக்கத்தைத் திறந்தால் ஹார்டு டிஸ்க் ஒரு நீளக் கட்டமாகத் தெரியும். சி, டி என்று எழுத்துள்ள கட்டங்களுக்குப் பக்கத்தில் எழுத்தே இல்லாத ஒரு கட்டம். அதில் என்ன வகைக் கோப்பு முறைமை என்று சொல்ல வேண்டிய இடமும் காலி. லினக்ஸின் பார்ட்டிஷனை விண்டோஸ் அப்படித்தான் காட்டும். அதைப் படிக்க விண்டோஸுக்குத் தெரியாது. வலது கிளிக், டெலீட் வால்யூம், எஸ். அவ்வளவுதான். விண்டோஸ் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். மறுமுறை பொத்தானை அழுத்தும்போதுதான் திரையின் மேல் மூலையில் இரண்டே வரி வரும். அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை என்று ஒரு பிழைச் செய்தி; அதன் கீழே 'கிரப் ரெஸ்க்யூ' என்ற சொல்லும் துடிக்கும் ஒரு கோடும். விண்டோஸ் வராது.

அந்தத் திரையைப் பார்த்து எல்லாமே அழிந்துவிட்டது என்று அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். விண்டோஸ் ஒரு கோப்பும் குறையாமல் அப்படியே இருந்தது. நடந்தது வேறு. அந்தக் காலக் கணினிகளில் ஹார்டு டிஸ்க்கின் முதல் 512 பைட்டுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். 1983-இல் ஐபிஎம்மின் பிசி எக்ஸ்டி ஹார்டு டிஸ்க்கோடு வந்தபோது ஏற்பட்ட அமைப்பு அது. அதில் 446 பைட் தொடக்க நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் அடையாளக் குறிக்கு. 446 பைட்டுக்குள் ஒரு மெனுவை வரைந்து, அம்புக்குறிக்குக் காத்திருந்து, கோப்பு முறைமையைப் படிக்கும் நிரலை எழுத முடியாது. அதனால் அந்தத் தொடக்க மெனுவைக் காட்டும் கிரப் என்ற நிரல் தன்னைத் துண்டுகளாகப் பிரித்துக்கொண்டது. மிகச் சிறிய துண்டு அந்த 446 பைட்டில் இருக்கும். அடுத்தது முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் உள்ள காலி இடத்தில். மெனு உட்பட மீதியெல்லாம் லினக்ஸின் பார்ட்டிஷனுக்குள். லினக்ஸை அழித்தபோது மெனுவும் சேர்ந்து அழிந்தது. முன்னால் மிஞ்சிய துண்டு மீதியைத் தேடிப் பார்த்து, காணாமல் நின்றுவிட்டது. விண்டோஸுக்குப் போகும் வழியும் அந்த மீதியில்தான் எழுதியிருந்தது.

சரிசெய்வது கடினமில்லை. விண்டோஸ் 7 டிவிடியைப் போட்டு, ரிப்பேர் பகுதியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ்-எம்பிஆர் என்ற குறிப்போடு கொடுத்தால், தொடக்க நிரல் இருக்கும் இடத்தில் விண்டோஸின் நிரல் திரும்ப எழுதப்படும். பார்ட்டிஷன் அட்டவணையை அது தொடாது. இதே வேலையை லினக்ஸை அழிப்பதற்கு முன்பே செய்திருந்தால் அந்த இரவு அழுகையே இருந்திருக்காது. முதலில் கணினியை அந்த இயங்குதளத்தின் துணையில்லாமல் எழப் பழக்க வேண்டும், அதன் பிறகுதான் அதை எடுக்க வேண்டும். ஓர் இயங்குதளத்தை நீக்குவதும் அதன் பெயரை நீக்குவதும் இரண்டு தனித்தனி வேலைகள். இரண்டும் நடக்கும் இடங்கள் வேறு. எனக்குத் தெரிந்து மிகப் பல துயரங்கள் இந்த இரண்டையும் ஒரே வேலை என்று நினைத்ததால் வந்தவை.

நேர்மாறான நிலைமையும் உண்டு. அதுதான் இன்று அதிகம்: இயங்குதளம் போய்விட்டது, பெயர் மட்டும் மெனுவில் நிற்கிறது. ஒவ்வொரு காலையும் கணினி அந்தப் பெயரைக் காட்டிவிட்டு, வழக்கமான அமைப்பில் 30 விநாடி காத்திருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இதை யாராலும் தீர்க்க முடிந்தது. சி டிரைவில் மறைவாக பூட்.இனி என்ற ஒரு எழுத்துக் கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்தால் எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும், எந்தெந்த இயங்குதளம் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் வரிவரியாகத் தெரியும். வேண்டாத வரியை அழித்துச் சேமித்தால் முடிந்தது. விஸ்டாவிலிருந்து அந்தக் கோப்பு போய்விட்டது. பிசிடி என்ற தரவுக் கோப்பு வந்தது. விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி எந்த வடிவில் இருக்கிறதோ அதே வடிவம். நோட்பேடில் திறந்தால் ஒன்றும் புரியாது. ஒவ்வொரு பெயருக்கும் அடைப்புக்குறிக்குள் நீண்ட அடையாள எண் ஒன்று உண்டு. எம்எஸ்கான்ஃபிக்கின் பூட் பக்கத்திலோ பிசிடிஎடிட் கட்டளையிலோதான் அதைத் தொட முடியும். கோப்பு முன்பைவிடப் பத்திரமாக இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரு சாதாரண மனிதர் தன் கணினி எப்படி எழுகிறது என்று வாசித்துப் பார்க்கக்கூடிய ஒரு பக்கம் அதோடு போனது. அந்த இழப்பு எனக்கு இன்றும் வருத்தம்தான்.

பிசிடியில் அடிக்கடி பார்ப்பது இது. சி டிரைவில் விண்டோஸ் கெட்டுப்போயிருக்கும். டி டிரைவில் புதிதாகப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். பிறகு பழையதை ஃபார்மட் அடித்திருப்பார்கள். மெனுவில் இரண்டு வரி வரும்: 'விண்டோஸ் 7', 'விண்டோஸ் 7'. எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி. ஒன்று உயிரோடு இருப்பது, மற்றது இல்லாதது. இல்லாததைத் தேர்ந்தால் ஒரு கோப்பைக் காணோம் என்றோ, ஒரு டிஸ்க்கை அணுக முடியவில்லை என்றோ செய்தி வந்து நிற்கும். எதை நீக்குவது? பெயரைப் பார்த்து முடிவு செய்ய வழியே இல்லை. எம்எஸ்கான்ஃபிக் பக்கத்தில் ஒரு வரிக்குப் பக்கத்தில் மட்டும் 'கரன்ட் ஓஎஸ்' என்று இருக்கும். இப்போது ஓடிக்கொண்டிருப்பது அதுதான். பிசிடிஎடிட்டில் இன்னும் தெளிவு. ஒவ்வொரு பெயருக்கும் கீழே 'டிவைஸ்' என்ற வரியில் அது எந்த பார்ட்டிஷனில் இருக்கிறது என்று காட்டும். பார்ட்டிஷனே அழிக்கப்பட்டிருந்தால் அந்த இடத்தில் 'அன்நோன்' என்று நிற்கும். நீக்க வேண்டியவருக்கு உண்மையைச் சொல்லும் வரி அதுதான். பெயர் யாரோ எப்போதோ வைத்தது. அது எந்த இடத்தைக் காட்டுகிறது என்பதுதான் அதன் உயிர்.

லினக்ஸ் பக்கம் பெயர்கள் சேரும் வழியே வேறு. ஓஎஸ்-ப்ரோபர் என்ற நிரல் டிஸ்க்கில் உள்ள பார்ட்டிஷன்களை எல்லாம் திறந்து பார்த்து, இயங்குதளத்தின் தடயம் தெரிந்தால் அதன் பெயரை கிரப்பின் மெனுவில் எழுதும்படி சொல்லும். ஆகவே அங்கே மெனுக் கோப்பைக் கையால் திருத்திப் பயனில்லை. திருத்த வேண்டாம் என்று கோப்பின் தலைப்பிலேயே எழுதியிருக்கும். அடுத்த புதுப்பித்தலில் எல்லாம் திரும்ப எழுதப்படும். வேண்டாத இயங்குதளத்தை எடுத்துவிட்டு அப்டேட்-கிரப் கொடுத்தால், இல்லாத பெயர் தானே உதிர்ந்துவிடும்.

உதிராமல் நின்றால், எங்கோ மிச்சம் இருக்கிறது என்று பொருள். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் நின்றுபோனது. அந்தப் பழைய மடிக்கணினிகளை இன்னும் வைத்திருப்பவர்கள் சிலர் இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டு ஓட்டுகிறார்கள். தம்பிக்கோ மகளுக்கோ அது போதும். அங்கே நீக்க வேண்டிய பெயர் இப்போது விண்டோஸ். சி டிரைவை முழுக்க ஃபார்மட் அடித்த பிறகும் மெனுவில் விண்டோஸ் 7 வந்துகொண்டே இருப்பதைக் காணலாம். காரணம், விண்டோஸ் 7 தன் நிறுவலின்போது முன்னால் ஒதுக்கிக்கொள்ளும் 100 எம்பி பார்ட்டிஷன். தொடக்கக் கோப்பும் பிசிடியும் அங்கே இருக்கின்றன. ஓஎஸ்-ப்ரோபர் அதைப் பார்த்துவிட்டு, இங்கே விண்டோஸ் இருக்கிறது என்று எழுதிவிடுகிறது. அது பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் எழுதுகிறது.

2021-இல் வந்த கிரப் 2.06 இன்னொரு பாடம். பாதுகாப்பு கருதி ஓஎஸ்-ப்ரோபர் இனித் தானாக ஓடாது என்று வைத்தார்கள். பல கணினிகளில் ஒரு புதுப்பித்தலுக்குப் பிறகு, நன்றாக இருந்த விண்டோஸின் பெயர் மெனுவிலிருந்து காணாமல் போனது. விண்டோஸ் அழிந்துவிட்டது என்று எண்ணி அந்த இடத்தையே ஃபார்மட் அடிக்கக் கிளம்பியவர்களும் உண்டு. பெயர் இருப்பதால் பொருள் இருக்கிறது என்று ஆகாது; பெயர் இல்லாததால் பொருள் இல்லை என்றும் ஆகாது. மெனுவை மட்டும் பார்த்து ஒரு டிஸ்க்கைப் பற்றி முடிவெடுப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன்.

கணினியை எழுப்பும் புதிய முறையான யூஇஎஃப்ஐ வந்த பிறகு பெயர் டிஸ்க்கை விட்டே வெளியேறிவிட்டது. இன்டெல் தன் இட்டானியம் செயலிக்காகத் தொடங்கிய ஏற்பாடு அது. 2005-இல் பல நிறுவனங்கள் சேர்ந்த மன்றத்தின் கைக்கு வந்தது. விண்டோஸ் 8 வெளியான 2012-இலிருந்து வீட்டுக் கணினிகளில் பரவியது. இதில் இயங்குதளங்களின் பெயர்கள் மதர்போர்டில் உள்ள ஃபிளாஷ் சிப்பில் பதிவாகின்றன. ஒவ்வொன்றுக்கும் பூட்0000, பூட்0001 என்று ஓர் எண், ஒரு பெயர், எந்த பார்ட்டிஷனில் எந்தக் கோப்பு என்ற முகவரி. எதை முதலில் தேடுவது என்ற வரிசை தனியாக. ஹார்டு டிஸ்க்கை முழுக்க அழித்தாலும், கழற்றிப் புதிதாக எஸ்எஸ்டி போட்டாலும், பல கணினிகளில் எஃப்12 அழுத்தினால் 'உபுண்டு' என்று பழைய பெயர் வந்து நிற்கும். மக்கள் இதைக் கண்டு திகைக்கிறார்கள். நம் ஊரில் இது புதிதல்ல. நிலம் கைமாறிப் பல வருடம் ஆகியிருக்கும், வாங்கியவர் வீடு கட்டிக் குடியேறியும் இருப்பார். தாலுகா அலுவலகத்தில் பட்டா இன்னும் பழையவர் பெயரில் இருக்கும். நிலத்தில் நடந்தது பதிவுக்குத் தானாகப் போய்ச் சேராது. யாராவது மனு கொடுத்து மாற்ற வேண்டும்.

கணினியில் நிற்கும் இந்தப் பழைய பெயரை நீக்க இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று சிப்பில் உள்ள பதிவு. மற்றது டிஸ்க்கில் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற சிறிய பகுதி. அதற்குள் ஒவ்வொரு இயங்குதளமும் தனக்கென ஒரு ஃபோல்டர் வைத்திருக்கும். விண்டோஸில் நிர்வாகி உரிமையோடு மவுன்ட்வால் கட்டளை கொடுத்து அந்தப் பகுதிக்கு ஓர் எழுத்து கொடுத்தால் உள்ளே பார்க்கலாம்: மைக்ரோசாஃப்ட், பூட், உபுண்டு, சிலவற்றில் கணினி தயாரித்தவரின் ஃபோல்டரும் இருக்கும். உபுண்டு ஃபோல்டரை மட்டும் அழித்தால் சிப்பில் பெயர் நிற்கும். சிப்பில் உள்ள பெயரை மட்டும் அழித்தால், சில மதர்போர்டுகள் அந்த ஃபோல்டரைக் கண்டு பெயரைத் திரும்ப எழுதிக்கொள்ளும். அழித்த பெயர் மறுநாள் வந்து நிற்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். மற்ற ஃபோல்டர்களைத் தொடவே கூடாது. பூட் என்ற ஃபோல்டர் வேண்டாததுபோலத் தோன்றும். வேறு எந்தப் பெயரும் கைகொடுக்காதபோது மதர்போர்டு கடைசியாகத் தேடிப் போகும் கோப்பு அங்கேதான் இருக்கிறது.

சிப்பில் எழுதுவதும் அழிப்பதும் விளையாட்டல்ல. 2016 ஜனவரியில் லினக்ஸ் உலகில் பெரிய விவாதம் ஒன்று நடந்தது. லினக்ஸ் இந்த சிப்பின் பதிவுகளை ஒரு ஃபோல்டரில் கோப்புகளாகக் காட்டுகிறது. டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தவரின் மடிக்கணினியில் அந்தக் கோப்புகளும் சேர்ந்து அழிந்தன. மதர்போர்டு அதைத் தாங்கவில்லை. அமைப்புத் திரை வரைகூடக் கணினி வரவில்லை. இயங்குதளத்தைத் திரும்ப நிறுவித் தீர்க்கக்கூடிய பழுதாக அது இருக்கவில்லை. லினக்ஸ் கெர்னல் 4.5-இலிருந்து அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை எளிதில் அழியாதபடி பூட்டி வைக்கப்பட்டன. பெயர் நீக்குகிறவர் இந்தக் கோப்புகளைக் கையால் அழிக்க ஒருபோதும் தேவையில்லை. லினக்ஸில் இஎஃப்ஐ-பூட்-எம்ஜிஆர், விண்டோஸில் பிசிடிஎடிட், இரண்டும் முறையாகச் செய்கின்றன.

இஎஃப்ஐ-பூட்-எம்ஜிஆரில் எனக்குப் பிடித்த ஒரு வசதி உண்டு. பெயரை உடனே அழிக்காமல் செயலற்றதாக மட்டும் ஆக்கிவைக்கலாம். பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள நட்சத்திரக் குறி மறையும். கணினி தானாக அதைத் தேடிப் போகாது. பதிவு மட்டும் இருக்கும். ஒரு வாரம் அப்படி ஓட்டிப் பார்க்கலாம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அழிக்கலாம். எதையாவது இழந்துவிட்டோம் என்று தெரிந்தால் குறியைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். தயாரித்தவர்கள் மனிதரின் அவசரத்தை அறிந்து இதை வைத்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் ஒரு சர்வீஸ் கடை. ஒருமுறை நான் அங்கே இருந்தபோது கல்லூரி மாணவன் ஒருவன் மடிக்கணினியோடு வந்தான்.

"அண்ணே, ஆன் பண்ணா மெனுல உபுண்டுன்னு ஒரு பேர் வருது. அத எடுத்துடுங்க."

"எடுத்துடலாம் தம்பி. உள்ள உன் ஃபைல் ஏதாவது இருக்கா?"

"இல்லண்ணே. அத நான் போடவே இல்ல. அக்கா காலேஜ் படிக்கும்போது போட்டது."

"அப்ப அக்காவுக்கு ஒரு போனப் போடு."

அவன் தயங்கினான். கடைக்காரர் அதற்குள் லைவ் பென்டிரைவில் கணினியை எழுப்பி, லினக்ஸ் பார்ட்டிஷனைத் திறந்துவிட்டார். விண்டோஸ் காலி என்று காட்டிய இடத்தில் ஹோம் ஃபோல்டர், அதற்குள் அக்காவின் இறுதியாண்டு புராஜெக்ட் முழுவதும், ஸ்கேன் செய்த சான்றிதழ்கள், விடுதிப் புகைப்படங்கள். போனில் அக்கா அதெல்லாம் எப்போதோ போய்விட்டது என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். கடைக்காரர் ஒரு வெளி டிஸ்க்கில் எல்லாவற்றையும் எடுத்து, நாலைந்து கோப்புகளைத் திறந்து சரிபார்த்து, அதன் பிறகே வேலையைத் தொடங்கினார். பல கடைகளில் இந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை. ஃபார்மட் அடித்து ஓஎஸ் போட்டுக் கொடுப்பது வேகமான வேலை; வாடிக்கையாளரும் வேகத்தைத்தான் கேட்கிறார். ஆனால் மெனுவில் மிஞ்சியிருக்கும் ஒரு பெயர், அங்கே ஒருவர் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார் என்பதற்குச் சாட்சி. அவர் என்ன விட்டுப்போனார் என்று பார்க்காமல் அதை அழிக்கும் உரிமை, பணம் கொடுத்தவருக்கும் கிடையாது என்பது என் கருத்து.

மெனுவையே மறைத்துவிடும்படி, காத்திருப்பு நேரத்தைப் பூஜ்யமாக்கும்படி சிலர் யோசனை சொல்வார்கள். அது நீக்கம் ஆகாது. பெயர் அங்கேயே இருக்கும், கண்ணில் மட்டும் படாது. ஒரு நாள் இயங்குதளம் எழ மறுக்கும்போது பழைய கெர்னலையோ ரிப்பேர் பகுதியையோ தேர்ந்தெடுக்க அந்த மெனுதான் வேண்டும். அன்று அது திரையில் நிற்காது. டெபியன் வழக்கமாக 5 விநாடி வைக்கிறது. அது போதும்.

அண்மைக் கால மடிக்கணினிகளில் இன்னும் ஒன்று சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 11 உள்ள பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்ததுமே டிஸ்க் பூட்டப்பட்டுவிடுகிறது. உரிமையாளருக்கே பல நேரம் அது தெரியாது. கணினி எழும் வரிசையிலோ செக்யூர் பூட் அமைப்பிலோ கை வைத்தால், வேறு யாரோ நுழைய முயல்கிறார்கள் என்று கருதி, மறுமுறை எழும்போது நீல நிறத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். எண் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமித்திருக்கும். ஆனால் கணக்கைத் தொடங்கியவர் யார், எந்த மின்னஞ்சல், கடவுச்சொல் என்ன என்று வீட்டில் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கடையில் போட்டுக் கொடுத்தது, அண்ணன் வெளிநாடு போகும் முன் தொடங்கியது என்பார்கள். முதலில் அந்தக் கணக்கைத் திறந்து, 48 இலக்கத்தையும் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அது கிடைக்காதவர் அன்றைக்கு எதையும் நீக்க வேண்டாம். அந்தப் பெயர் இன்னும் ஒரு மாதம் மெனுவில் இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.